நலம் என்று எழுதிய மனு

"ஒரு கம்பத்துக்கு ஒரே ஒரு காரியம்தான். ரெண்டாவதா ஒண்ணை எழுதினீங்கன்னா ரெண்டும் கிடையாது, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, சமூக நிலையத்து மாணிக்கம் வந்த வழியே, சாக்கடைக்குக் குறுக்கே கிடந்த பலகையைத் தாண்டிப் போனார். போகும்போது கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார். சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஆளுக்கும் அந்தப் பலகையைக் கண்டால் பயம்தான்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, செப்டம்பர் மாதம். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் தேக்கா மார்க்கெட்டைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டே இருந்தால் வலது கைப்பக்கம் ஒரு லோங்காங் வரும். சாக்கடைதானே என்று அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு அடி அகலம், ஆள் முங்குகிற ஆழம். வெயில் நாளில் அடியில் ஒரு முழத் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருக்கும். மழை பிடித்துவிட்டால் வாய்வரை ஏறி, கோழிக்கூண்டு, கட்டில்கால், வாழைமரம் என்று கண்டதையும் இழுத்துக்கொண்டு ஓடும். அதற்கு ஒரு கரையில் ரோடு, பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணீர்க்குழாய் எல்லாம். மறுகரையில் ஓலை வேய்ந்த முப்பத்திரண்டு அத்தாப்பு வீடுகள். இந்த மாதிரிக் குடியிருப்புக்குத்தான் அங்கே கம்பம் என்று பெயர். பின்பக்கம் சுற்றிப் போக ஒரு பாதை உண்டு, சதுப்பு. மழை வந்தால் முதலில் முங்குவது அதுதான். ஆகவே முப்பத்திரண்டு வீட்டுக்கும் கதி அந்த ஒற்றைப் பலகை.

பலகையைப் போட்டவன் யாக்கூப். கல்லாங் ஆற்றோரத்து மரப்பட்டறை ஒன்றில் ரம்பத்துக்கு மரம் தள்ளுகிற வேலை அவனுக்கு. கழித்துப்போட்ட பலகைகளில் தடித்ததாக ஒன்றைக் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்து போட்டான். அதற்காகக் கம்பத்தில் அவனுக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதை என்ன கூத்தெல்லாம் பண்ணியது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

அவன் பெண்சாதி சாயிரா பானு. கடையநல்லூர்க்காரி. அந்த ஊர்ப் பெண்கள் சிங்கப்பூரில் எந்த மூலையில் குடியிருந்தாலும் வாசலில் ஒரு அம்மி கிடக்கும். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் என்று தனித்தனியாக அரைத்து உருட்டி விற்பார்கள். சாயிராவின் மசாலாவுக்குத் தேக்காவில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் வாடிக்கை. ஆறாம் வகுப்புவரை படித்தவள். கம்பத்திலிருந்து ஊருக்குப் போகிற கடிதமெல்லாம் அவள் கையால் எழுதியதுதான். யார் வந்து உட்கார்ந்தாலும், "இங்கு யாவரும் நலம், அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல்" என்றுதான் தொடங்குவாள். காய்ச்சலில் படுத்திருப்பவனும் நலம். வேலை போனவனும் நலம். ஊரில் இருப்பவர்களைப் பதறவைக்கக் கூடாது என்பது கடல்தாண்டி வந்தவர்களின் சட்டம். சட்டத்தை மீறினவர்கள் யாரும் கிடையாது.

அவளும் மீறவில்லை. போன டிசம்பர் மழையில் அவளுக்குத் தலைப்பிரசவம். வலி கண்ட அன்று பலகையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மருத்துவச்சி மறுகரையில் குடையோடு நின்றாள். தண்ணீர் வடிய ஏழு மணி நேரம் ஆனது. ஆண்பிள்ளை. அழவே இல்லை.

கடையநல்லூரில் இருந்த தாய்க்கு சாயிரா இப்படி எழுதினாள்: 'அல்லாவின் கிருபையால் ஆண்குழந்தை. நாங்கள் யாவரும் நலம்.' ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கை பழகின வழியில் போய்விட்டது. அதன்பிறகு மாதம் ஒரு கடிதம் வர ஆரம்பித்தது. பேரன் குப்புற விழுந்தானா, பல் முளைத்ததா, தவழுகிறானா என்று. இவளும் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். படுபாவி, இரண்டு பல் முளைத்துவிட்டது என்றுகூட எழுதினாள். எழுதிவிட்டு அன்றைக்கு முழுக்க மிளகாய் அரைத்தாள். கண் கலங்கினால் மிளகாய்மேல் பழி போடலாம் அல்லவா.

அடித்துப்போன பலகைக்குப் பதில் யாக்கூப் அதே பட்டறையிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தான். சாயிராவுக்கு இப்போது மறுபடியும் ஆறு மாதம். கணக்குப் பார்த்தால் மறுபடியும் டிசம்பர்.

மாணிக்கம் சொல்லிவிட்டுப் போன விஷயம் இதுதான். ஒவ்வொரு கம்பத்திலும் நாலு பேர் சேர்ந்து உட்கார வேண்டும். தங்கள் இடத்துக்கு எந்த ஒரு வசதி வேண்டும் என்று பேசி முடிவுகட்ட வேண்டும். நாலு பேருமாகச் சேர்ந்து ஒரு தாளில் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒற்றை ஆள் எழுதினால் செல்லாது. பதினான்கு கம்பத்துக்கு இப்படிச் சொல்லியிருக்கிறது. எது அவசரம் என்று பார்த்து வரிசைப்படுத்துவார்கள், அதில் முதல் நாலைந்து மனுக்களுக்கு இந்த வருஷமே வேலை நடக்கும்.

நாலு பேர் யார் யார் என்பதில் சண்டை இல்லை. எழுத சாயிரா. சத்தம் போட கண்மணி. நகராட்சியில் தெருக்கூட்டுகிறவரின் மனைவி, பக்கத்து வீடு, வாய் கொஞ்சம் நீளம். மாடு வைத்துப் பால் ஊற்றும் செல்லக்கண்ணு மூன்றாவது. ரோட்டோரம் சரபத் கடை போட்டு இஞ்சி டீ ஆற்றும் நூர்தீன் நாலாவது. பழைய ஆள், நாலு இடம் பார்த்தவர்.

கூட்டம் சாயிரா வீட்டு வாசலில் கூடியது. அவளால் அம்மியை விட்டு எழுந்து வர முடியாது. மறுநாள் காலை கடைக்கு மசாலா போயாக வேண்டும். சாயங்கால வெயில் ஓலைக்கூரைமேல் காய்ந்துகொண்டிருந்தது. நூர்தீன் ஒரு கெண்டி நிறைய இஞ்சி டீ கொண்டுவந்திருந்தார். கண்மணி மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தேங்காய் துருவிப் போட்டு எடுத்து வந்தாள்.

"எனக்கு வேற பேச்சே கிடையாது. குழாய்!" என்று ஆரம்பித்தாள் கண்மணி. "ஒரு நாளைக்குப் பன்னண்டு டின்னு தண்ணி. அந்தக் கரையில புடிச்சு இந்தக் கரைக்குத் தூக்கணும். இந்தத் தோளைத் தொட்டுப் பாருங்க. காளைமாட்டுக் கழுத்து மாதிரி காய்ச்சுப் போயிருக்கு."

"மாட்டைப் பத்தி நீ பேசாதே, அது என் தொழிலு" என்றார் செல்லக்கண்ணு. "லைட்டு வேணும்லா நமக்கு. விடியறதுக்கு முந்தி நான் பால்கேனைத் தூக்கிட்டுப் போறேன். பலகை எங்க முடியுது, லோங்காங் எங்க ஆரம்பிக்குதுன்னு காலால தடவிப் பார்த்துத்தான் போறேன். ஒருநாள் பாலோட உள்ள போயிட்டேன்னா?"

"போனா என்ன? எப்பவும் பால்ல தண்ணி, அன்னைக்குத் தண்ணியில பாலு" என்றாள் கண்மணி.

நூர்தீனுக்குச் சிரிப்பில் டீ புரை ஏறியது. "அட இருங்கப்பா. என் கடைக்குப் பக்கத்துல அந்தக் குப்பைமேடு. அதை எடுத்துட்டு ஒரு தொட்டி கட்டச் சொல்லணும். டீயில சீனியைவிட ஈதான் ஜாஸ்தியா விழுது."

"உங்க கடை ஈயை ஓட்ட நாங்க மனு எழுதணுமா? நல்ல கதை!" என்றாள் கண்மணி.

இப்படி அரைமணி நேரம் போனது. கண்மணி குழாயை விடவில்லை. குழாய் வந்தால் பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போவார்கள், துணி வெளுக்கும், சண்டை குறையும் என்று நியாயத்தை அடுக்கிக்கொண்டே போனாள். நியாயம்தான், யார் இல்லை என்றார்கள்? செல்லக்கண்ணுகூட லைட்டை விட்டுவிட்டுக் குழாய்ப் பக்கம் சாய ஆரம்பித்தார்.

"சாயிரா, நீ என்ன சொல்றே? ஊமை மாதிரி அரைச்சுக்கிட்டே இருக்கியே" என்றாள் கண்மணி.

"நான் என்னத்தச் சொல்ல, அக்கா. நீங்க பேசி முடிவு பண்ணுங்க. நான் எழுதுதேன்."

சொல்லிவிட்டுக் குழவியை முன்னால் தள்ளினாள். தள்ளும்போது வயிறு இடித்தது. குழவியை விட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் ஒருக்களித்து வைத்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். கண்மணி அதைப் பார்த்தாள். பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அவள் விரல்கள் மடிமேல் ஒவ்வொன்றாக மடங்கின. செப்டம்பர், அக்டோபர், நவம்பர். அவள் விரல் மடக்குவதைச் செல்லக்கண்ணு பார்த்தார். நூர்தீனும் பார்த்தார்.

"பாலம்" என்றாள் கண்மணி.

"என்ன?"

"பாலம்னு எழுது. குழாய் எங்க ஓடிடப் போவுது? பாலம் இருந்தா டின்னைத் தூக்கிட்டு வீசி நடந்து வரலாம்லா."

"அதானே" என்றார் செல்லக்கண்ணு அவசரமாக. "லைட்டு இல்லாட்டி என்ன, இருட்டு எனக்குப் பழகிப்போச்சு."

"குப்பையை நானே ஒருநாள் கொளுத்தி விட்டுடுறேன்" என்றார் நூர்தீன்.

சாயிரா தலை நிமிரவில்லை. ஏன் பாலம் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அவள் உடைந்துபோவாள் என்று அவர்கள் பயந்தார்கள். ஒன்பது மாதமாகக் கம்பத்தில் யாருமே அந்தப் பேச்சை எடுத்தது கிடையாது. தங்கமான மனிதர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கமான மனிதர்கள் கூடி வாயை மூடிக்கொண்டால் மனுவில் என்ன ஏறும், சொல்லுங்கள்?

மறுநாள் சாயங்காலம் எழுத உட்கார்ந்தார்கள். சாயிரா புளியைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். கழுவியும் தாளின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விரல் பதிந்துவிட்டது.

நூர்தீன் தொண்டையைச் செருமினார். "எழுது மவளே. மேன்மை தங்கிய அதிகாரி அவர்களின் சமுகத்திற்கு. தங்கள் கருணையால் இங்கு நாங்கள் யாவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல்."

அவள் கை தானாக எழுதியது.

"எடுத்த எடுப்பிலேயே குறை சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள் கண்மணி. "எங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்லைன்னு ஒரு வரி போட்டுக்க."

அதுவும் ஏறியது. அந்த நேரம் பார்த்து யாக்கூப் பட்டறையிலிருந்து வந்தான். புருவம், தலைமுடி எல்லாம் மரத்தூள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்க் காலைக் கழுவ ஆரம்பித்தான். செல்லக்கண்ணு குரலைத் தாழ்த்தினார்.

"பலகையைப் பத்தி எழுதணும்ல? ஆனா அது மாப்ளே போட்டது. மட்டமா எழுதினா மனசு சங்கடப்படும்." பிறகு அவன் காதில் விழும்படி உரக்கச் சொன்னார்: "எழுதும்மா. தற்போதுள்ள பலகை சகோதரர் யாக்கூப் அவர்களால் போடப்பட்டு, நல்ல உறுதியுடன் இருந்து வருகிறது."

சாயிராவின் பேனா நின்றது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து காலைக் கழுவிக்கொண்டே இருந்தான். கழுவின காலையே மறுபடி கழுவினான். அவள் எழுதினாள். அவன் உள்ளே போய்விட்டான்.

கடைசி வரியை நாலு பேருமாகச் செதுக்கினார்கள். 'எனினும், தங்களுக்குச் சிரமம் இல்லாவிடில், வசதிப்பட்ட சமயத்தில் ஒரு சிறிய பாலம் அமைத்துக் கொடுத்தால் எங்கள் கம்பத்திற்கு மிகவும் அழகாக இருக்கும்.' கண்மணி தன் பெயரை எழுத்து எழுத்தாக வரைந்தாள். நூர்தீன் அதை வாங்கி ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு, "மனுன்னா இது மனு!" என்றார். எல்லோருக்கும் திருப்தி. எனக்கு இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்டோபர் நடுவில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாணிக்கம் பலகைமேல் தட்டுத் தடுமாறி வந்தார். முதல் மழை இரண்டு நாள் பெய்து பலகையில் பாசி பிடித்திருந்தது. வந்ததும் வராததுமாகச் சத்தம் போட்டார்.

"மனுவா எழுதினீங்க நீங்க? கல்யாணப் பத்திரிகை எழுதியிருக்கீங்க! பதினாலு கம்பத்துல உங்களுது பதினாலாவது."

நாலு பேரும் கூடிவிட்டார்கள். "என்னங்க தப்பு? மரியாதையாத்தானே எழுதினோம்" என்றார் நூர்தீன்.

"மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. அங்க அதைப் படிச்ச பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? 'இவங்க எல்லாரும் நலமா இருக்காங்க. ஒரு குறையும் இல்லையாம். பலகையும் உறுதியா இருக்காம். அழகுக்குத்தான் பாலம் கேக்குறாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.' அவரை நான் எப்படிக் குத்தம் சொல்றது? நீங்க எழுதினதைத்தானே அவர் படிச்சாரு."

"அடுத்த வருஷமா?" என்றாள் கண்மணி. குரல் எழும்பவில்லை. கண்மணிக்குக் குரல் எழும்பாமல் போனதை அன்றைக்குத்தான் கம்பம் பார்த்தது.

"பட்டியல் திங்கக்கிழமை மத்தியானம் மேல போகுது. அதுக்குள்ள வேற மனு குடுத்தீங்கன்னா பழசை எடுத்துட்டு இதை நான் வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லை. நாலு கையெழுத்து மறந்துடாதீங்க."

சாயிரா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிளகாய் அரைத்த கை. நிலையில் சிவப்பாகப் பதிந்தது. வயிற்றில் இருப்பது அடுத்த வருஷம்வரை காத்திருக்காது.

"நாளைக்குக் காலையில வாங்க எல்லாரும்" என்றாள். "இந்தத் தடவை நான் எழுதுததுதான் எழுத்து."

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டிருந்தது. கண்மணி பசியாற இடியாப்பம் கொண்டுவந்தாள், யாரும் தொடவில்லை. யாக்கூப் உள்ளே பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாயிரா தாளை விரித்து முதல் வரியை எழுதிவிட்டு உரக்கப் படித்தாள்.

"நாங்கள் நலமாக இல்லை."

"அய்யோ மவளே" என்று பதறினார் நூர்தீன். "எடுத்த உடனேயே அபசகுனம் மாதிரி..."

"மாமா, அன்னைக்கு நீங்க எந்தக் கரையில நின்னிய?"

அவர் லோங்காங் பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்க. எழுதணும்."

நூர்தீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கடைக்கரையிலதான். பத்து மணிக்கு மருத்துவச்சி வந்துட்டா. என் கடைக் குடையைக் குடுத்தேன். உன் சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு மவளே. தண்ணி இரைச்சலையும் மீறிக் கேட்டுச்சு. அந்தப் பொம்பளை, 'பன்னண்டு அடிதானே, பன்னண்டு அடிதானே'ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அப்புறம் சத்தம் நின்னு போச்சு. நான் டீக்கடை வச்சு இருபது வருஷத்துல அன்னைக்கு ஒருநாள்தான் அடுப்பை அவிச்சேன்."

அவள் எழுதினாள். எழுதிவிட்டுச் செல்லக்கண்ணுவைப் பார்த்தாள்.

"நான் மாட்டுக்கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு எறங்குனேன்மா. மூணாவது அடியில தண்ணி தூக்கிடுச்சு. கரையில இருந்தவங்க இழுத்துப் போட்டாங்க. மறுபடி எறங்கலை. பயந்துட்டேன். அதான் நெசம். அதையும் எழுதிக்க."

"உங்க மேல என்ன தப்பு அண்ணே?"

"தப்புன்னு சொல்லலை. எழுதிக்கன்னேன்."

கண்மணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எடுத்தபோது பேச்சு கொட்டியது. "புள்ளையை வாங்குனது நான்தான். உன்கிட்ட நான் சொல்லவே இல்லை, சாயிரா. உடம்பு சூடா இருந்துச்சுடி. முதுகுல தட்டுனேன். காலைப் புடிச்சுத் தூக்கித் தட்டுனேன். வாயை வழிச்சுவிட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரிஞ்ச ஒருத்தி பக்கத்துல இருந்திருந்தா... அவ அங்க நிக்கிறா, குடையைப் புடிச்சுக்கிட்டு."

சாயிரா ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். அவள் அழுதாள், அழுதுகொண்டேதான் எழுதினாள். மிளகாய்மேல் பழி போட அன்றைக்கு அம்மியில் மிளகாய் இல்லை.

யாக்கூப் வெளியே வந்து வாசலில் நின்றான். "இதையும் எழுது. அன்னைக்குப் போன பலகை நான் போட்டது. கழிச்சுப் போட்ட மரம். நடுவுல வெடிப்பு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டணும்னு நெனச்சேன். வார ஞாயித்துக்கிழமை பாப்போம், வார ஞாயித்துக்கிழமை பாப்போம்னு விட்டுட்டேன். வெள்ளம் வந்தது வியாழக்கிழமை." மூச்சு வாங்கினான். "நல்ல உறுதியா இருக்குன்னு எழுதுனியளே, அண்ணே. என்னைச் செருப்பால அடிச்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் மாப்ளே..."

"தெரியும்ண்ணே. தெரிஞ்சதுனாலதான் வலிச்சுது."

செல்லக்கண்ணு எழுந்து போய் அவன் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பத்து மாதமாக ஐந்து பேரும் தனித்தனியாகச் சுமந்தது ஒரு தாளில் இறங்கிவிட்டது. பாரம் குறைந்தால் பசி வரும். நூர்தீன்தான் முதலில் இடியாப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

கடைசி வரியை சாயிரா யாரையும் கேட்காமல் எழுதினாள். 'இந்த டிசம்பரில் எனக்கும், இக்கம்பத்தில் இன்னும் இரண்டு பெண்களுக்கும் பிரசவம். மழைக்கு முன் பாலம் வேண்டும்.'

"தயவுசெய்துன்னு ஒரு வார்த்தை?" என்றார் செல்லக்கண்ணு தயங்கித் தயங்கி.

"அது போட்டுக்கிடுதேன்" என்றாள் சாயிரா. அழுத முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவதாக யாக்கூப்பும் போட்டான். மாணிக்கம் அதைத் திங்கட்கிழமை காலையில் ரோட்டோரம் நின்றே படித்தார். படித்து முடித்து மடித்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கே சாயிரா ஊருக்கும் எழுதினாள். நீலநிற விமானக் கடிதத்தாளில் நாலே வரி. 'அம்மா, போன டிசம்பரில் பிறந்த பிள்ளை அன்றைக்கே மவுத்தாகிவிட்டது. உனக்கு எழுதினதெல்லாம் பொய். என்னை மன்னித்துவிடு. இப்போது மறுபடி வயிற்றில் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.' பெட்டியில் போட்டுவிட்டு வந்தபிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு பிடிக்கவில்லை. தாயின் நெஞ்சு என்ன ஆகும் என்ற கவலை. மூன்றாம் நாள் நன்றாகத் தூங்கினாள்.

நவம்பர் முதல் வாரம் கண்மணி குழாயடியில் டின் பிடித்துக்கொண்டிருந்தபோது மாணிக்கம் சைக்கிளை நிறுத்தாமலே கத்தினார். "மூணாவது இடம்! புதன்கிழமை லாரி வருது!" கண்மணி டின்னை அப்படியே போட்டுவிட்டுப் பலகைமேல் ஓடினாள். முப்பத்திரண்டு வீட்டுக்கும் அவள் குரல் கேட்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது என்று குழாயடியில் நின்ற சீனக்கிழவி திட்டியதும் கேட்டது.

லாரி சொன்ன நாளில் வந்தது. இரண்டு கரையிலும் கனமான மரத்தூண்களை இறக்கினார்கள். தார் வாசனை கம்பம் முழுக்க நிறைந்தது. வேலையாட்களுக்கு நூர்தீன் இஞ்சி டீ கொடுத்துக்கொண்டே இருந்தார். யாக்கூப் பட்டறையிலிருந்து வந்ததும் நேரே அங்கே போய் நிற்பான். ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். இரண்டு பலகையை, "இது உள்ள சொத்தை" என்று ஒதுக்கிவைத்தான். மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. அறுத்துப் பார்த்தபோது உள்ளே சொத்தைதான். அதிலிருந்து மேஸ்திரியே, "பாய், இதைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பாதிப் பாலம் நிற்கும்போது கடையநல்லூர்க் கடிதம் வந்தது. தாய்க்கு எழுதத் தெரியாது. பள்ளிவாசல் மோதினாரிடம் சொல்லி எழுதியிருந்தாள். சாயிரா அதை அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து படித்தாள். கண்மணிக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி எழுதியிருக்காங்க? சத்தமாப் படி."

"'மகளே, பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று நாலு கடிதத்தில் கேட்டேன். நாலுக்கும் நீ பதில் எழுதவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீயாகச் சொல்லுகிறவரை இருப்போம் என்று இருந்தேன். பல் முளைத்ததா என்று நான் கேட்டதெல்லாம் நீ இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமே என்றுதான். இனிமேல் பயந்தால் பயமென்று எழுது.'"

படித்து முடித்துவிட்டு சாயிரா வாய்விட்டு அழுதாள். கண்மணி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழு, நல்லா அழு. கிழவி பெரிய ஆளுடி" என்றாள்.

பாலம் நவம்பர் கடைசியில் முடிந்தது. ஆறடி அகலம். இரண்டு பக்கமும் பிடித்து நடக்க இரும்புக்கம்பி. திறப்புவிழா எதுவும் இல்லை. மேஸ்திரி சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு போனார், கண்மணி டின்னோடு நடந்து வந்தாள், அவ்வளவுதான்.

டிசம்பர் பதினேழாம் தேதி. மூன்று நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பின்பக்கச் சதுப்புப் பாதை முதல் நாளே காணாமல் போய்விட்டது. லோங்காங் வாய்வரை ஏறி, மரத்தூண்களில் மோதி நுரைத்துக்கொண்டு ஓடியது. காலை ஒன்பது மணிக்கு சாயிராவுக்கு வலி கண்டது.

யாக்கூப் அவளைத் தூக்கப் போனான். "வேண்டாம். நான் நடந்துதான் வருவேன்" என்றாள் அவள். கண்மணி ஒருபக்கம், யாக்கூப் ஒருபக்கம். கம்பமே குடையும் கோணிச்சாக்குமாகக் கரையில் நின்றது. பாலத்தின்மேல் காலை வைத்ததும் சாயிரா நின்றுவிட்டாள். அடியில் தண்ணீரின் இரைச்சல்.

"கீழ பாக்காதே. என்னைப் பாரு" என்றாள் கண்மணி.

"எனக்குப் பயமா இருக்கு, அக்கா."

"எனக்குந்தான் பயமா இருக்கு. நட."

நடந்தாள். மறுகரையில் நூர்தீன் டாக்சியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முழுக்க நனைந்து நின்றார்.

கண்மணியும் டாக்சியில் ஏறினாள். ஏறினபிறகுதான் நினைப்பு வந்தது, வீட்டில் நாலு பிள்ளைகள், அடுப்பில் உலை. இறங்கி, யாக்கூப்பை மட்டும் கூட அனுப்பிவிட்டு, வீட்டுக்கும் பாலத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மத்தியானம் ஆனது. செல்லக்கண்ணு இரண்டு தடவை வந்து, "ஏதும் தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நூர்தீன் யார் டீ கேட்டார்கள், யாருக்கு ஊற்றினோம் என்று தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு பஸ்ஸிலிருந்து யாக்கூப் இறங்கினான். கடைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பாலத்துக்கு வந்து, நடுவில் நின்று, இரும்புக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். மழை அவன்மேல் கொட்டியது. கரையில் நின்ற கண்மணிக்கு உயிரே போய்விட்டது. கிட்டப் போகவும் கால் வரவில்லை.

அந்த நேரம் செல்லக்கண்ணு மாடுகளை ரோட்டுக்கரைப் புல்வெளியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். மாடுகள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

"மாப்ளே! என்னலா ஆச்சு? வாயைத் தொறந்து சொல்லு!"

யாக்கூப் திரும்பினான். "பொம்பளப் புள்ளண்ணே."

"அழுதுச்சா?" என்று கண்மணி கரையிலிருந்து கத்தினாள். "டேய், அழுதுச்சாடா?"

"அழுதுச்சாவா? ஆஸ்பத்திரியே எந்திச்சு உக்காந்துட்டுது அக்கா! நான் பஸ் ஏறுத வரைக்கும் நிறுத்தல!"

கண்மணி மழையில் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. செல்லக்கண்ணு தலைத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, முன்னால் நின்ற மாட்டின் முதுகில் தட்டினார்.

"அப்ப வழியை விடு மாப்ளே. நேரமாச்சு, ஆஸ்பத்திரிக்குப் பால் கறந்து அனுப்பணும்."

யாக்கூப் கம்பியோரம் ஒதுங்கி நின்றான். ஐந்து மாடும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போயின.